பாபின் சாரின் பஞ்சு பிரேக்

பெற்ற அப்பாவைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டினார் எங்கள் மாப்பிள்ளை. அதை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மூட்டை இறக்கிப் பிழைத்த கை இது, எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த மனுஷனைப் பற்றி யாராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

என் மகளைக் கட்டியவரின் அப்பா, அதாவது என் சம்பந்தி, முப்பத்தோரு வருஷம் ஒரு துணி கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே தைத்த பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பாபின் சார். பாபின் என்பது மெஷினுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சுற்றுகிற நூல் உருளை. அது இருப்பது யாருக்கும் தெரியாது. அது இல்லாவிட்டால் ஒரு தையல் விழாது. ஆளும் அப்படித்தான். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஸ்க்ரூவை முறுக்குமுன் ஒரு சுற்று பின்னால் திருப்புவார், மரை சரியாக உட்காரட்டும் என்று. அறுந்த செருப்பு, திரும்பிக்கொண்ட குடை, எரியாத அடுப்பு எதுவும் அந்த வீட்டைவிட்டு வெளியே போய் ரிப்பேர் ஆனதில்லை.

"இவர் கையில குழந்தையக் குடுத்துடாதீங்க," என்பார் சம்பந்தியம்மா. "ஸ்க்ரூ எங்க இருக்குன்னு திருப்பித் திருப்பிப் பாப்பார்."

அந்தக் கம்பெனியில் ஒருமுறை ஒரு பெண் ஒரே நாளில் ஒன்பது ஊசி உடைத்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தி போய் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். பிறகு சூப்பர்வைசரிடம், "தொறந்து பாத்துட்டுத் திட்டுங்க சார்," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். திறந்தால் உள்ளே கொக்கி நகர்ந்து கிடந்தது. ஊசி போய் அதில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண் இன்றைக்கும் அவரை எங்கே பார்த்தாலும் நின்று பேசிவிட்டுத்தான் போகிறாள். அந்த மனுஷனைத்தான் திறந்து பார்க்காமல் எல்லோரும் திட்டினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பேத்தி பிறந்தாள். ஆபரேஷன் என்பதால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். என் வீட்டுக்காரி மகளோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். நான் சம்பந்தி வீட்டில். பேத்தியை முதல் நாள் என் கையில் கொடுத்தபோது, கால்வாசி மூட்டை கனம்கூட இல்லையே, இதை எப்படிப் பிடிப்பது என்று முழித்தேன். நூறு கிலோவை யோசிக்காமல் தூக்கிய தோள் இது.

குழந்தையை வீட்டுக்குத் தன் காரில் தானே ஓட்டிக் கூட்டி வரவேண்டும் என்பது சம்பந்தியின் ஆசை. வேறெதுவும் அவர் கேட்கவில்லை. காரோ பதினேழு வருஷக் கிழடு. பிரேக் போட்டால் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம்.

"இந்தச் சத்தத்துல பாப்பா முழிச்சுக்கும்," என்றார். "பேட் தேஞ்சிருக்கு. மாத்திடலாம். அப்படியே உள்ள ஆயில் கசியாமப் பிடிக்கற ரப்பரையும் மாத்திடலாம்."

சத்தத்துக்காக ஆரம்பித்த வேலை அது. பேத்தி தூங்கட்டும் என்று.

திங்கட்கிழமை இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றினோம். பிரேக் பேட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக்குக் கேலிப்பர் என்று பெயர். இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

"மாறிடக் கூடாது சம்பந்தி. அடையாளம் போட்டுக்கோங்க," என்றார் அவர்.

அடையாளம் என் பொறுப்பு. பேப்பர் டேப்பைக் கிழித்து, ஒன்றில் 'சோ' என்றும் இன்னொன்றில் 'பீ' என்றும் எழுதி ஒட்டினேன். சோத்துக்கை, பீச்சாங்கை. வலது இடது என்றால் நான் ஒரு நொடி யோசிக்க வேண்டும். சோத்துக்கை என்றால் யோசிக்க வேண்டாம். கேலிப்பர்களை ஒரு பழைய தட்டில் வைத்துக் கழுவ எடுத்துப் போனபோது சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்.

"என் தட்டுல என்னங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"அது பீச்சாங்கைம்மா. முழுசா எழுத இடமில்ல."

"நல்ல இடம் பாத்து நிறுத்தினீங்க போங்க. அந்தத் தட்டு இனிமே வீட்டுக்குள்ள வராது."

செவ்வாய்க்கிழமை பேடும் ரப்பரும் மாற்றி, திரும்ப மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுத்தோம். பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் நிற்காதாம். அதனால் நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்து கேலிப்பரில் இருக்கிற நிப்பிள் என்கிற குட்டித் திருகைத் திறக்க, ஆயிலோடு காற்று வெளியே வரவேண்டும்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிங்க. விடாதீங்க. ம், விடுங்க."

இப்படி மூன்று தடவை. எனக்குக் கால் வலித்ததே தவிர பெடல் கெட்டியாகவில்லை. நனைந்த மெத்தையில் கால் வைத்த மாதிரி அமுங்கியது. இரண்டு மூன்று தடவை சேர்த்து மிதித்தால் நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பஞ்சு.

"ஒரு பக்கம் ஆயில் போற ஓஸும் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குது," என்று முனகினார். "நாளைக்குப் பாக்கலாம். சாவியத் தனியா எடுத்து வைக்கணும்." மறந்துவிட்டார். அது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோகச் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். தெரு முனைகூடப் போகவில்லை. எதிர்வீட்டு டீச்சரின் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் போய் முட்டி நின்றது. தொட்டி பிளந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. வண்டிக்கும் இல்லை.

"அப்பா, வெளிய வாங்க," என்று அங்கிருந்தே கத்தினார். டீச்சர் வாசலுக்கு வந்தார். மாடிவீட்டில் ஜன்னல் திறந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். சம்பந்தி கையில் துண்டோடு ஓடி வந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மிக்ஸியா இது, கழட்டி மாட்டி விளையாட?"

"உனக்கு அடி ஒண்ணும் படலையே?"

"என் குழந்தை இதுல வர இருந்துச்சுப்பா. தையல் மெஷின் பாத்தவருக்கு பிரேக் எதுக்கு? எதைப் பாத்தாலும் கைய வைக்கணுமா? ஊர்ல இருக்கற அப்பா எல்லாம் பேப்பர் படிச்சுக்கிட்டு சும்மா இருக்காங்க. உங்களால மட்டும் ஏன் முடியல?"

"உனக்கு அடி படலையே?"

அவர் அதையேதான் இரண்டாவது தடவையும் கேட்டார். மாப்பிள்ளை இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "இனிமே என் குழந்தைய இந்த வண்டியில ஏத்த மாட்டேன். நீங்க ஓட்டவும் வேணாம்," என்று சொல்லிச் சாவியைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

குழந்தைக்காகப் பயந்தார், அது நியாயம். எனக்கும்தான் பயம். ஆனால் அதைச் சொல்ல ஒரு முறை இல்லையா? ஆள் கூட்டி வைத்தா சொல்வது? என் மகனாக இருந்தால் அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். மாப்பிள்ளையாகப் போய்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு குப்பை பொறுக்கினேன். சம்பந்தி அந்தத் தொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, தடித்த நைலான் நூலால் சட்டைக்குக் காலர் வைக்கிற மாதிரி நெருக்கமாகத் தைத்து, கழுவித் துடைத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

மத்தியானம் மாப்பிள்ளை அனுப்பிய ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். அவரைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. காதில் போன். பேச்சை நிறுத்தவில்லை. ஒரு காலை மட்டும் காருக்குள் விட்டுப் பெடலை இரண்டு மிதி மிதித்தார். அவ்வளவுதான் சோதனை. சக்கரத்தைக் கழற்றவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"மாஸ்டர் சிலிண்டர் போச்சு. புதுசு வரணும். திங்கக்கிழமைக்கு மேலதான் ஆகும்," என்றார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளிவிடுகிற உருளைதான் மாஸ்டர் சிலிண்டர்.

"சார், அதை நான் தொடவே இல்லையே," என்றார் சம்பந்தி.

"நீங்க தொட்டதாலதான் பெரியவரே எல்லாம். கிழிஞ்சா தைக்க இது பாவாடையா?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். சம்பந்தி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். ஒரு செம்பு முழுவதையும் நின்றுகொண்டே குடித்தார்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதும் சம்பந்தி என்னிடம் வந்தார். கையில் துணி வெட்டுகிற மேஜையில் துணியைப் பிடித்து வைக்கிற கிளாம்ப் இரண்டு, சின்ன மரச்சட்டம் நான்கு.

"சம்பந்தி, ஒரு தடவை பெடல் மிதிக்க வருவீங்களா? வண்டிய ஓட்டப் போறதில்ல. சாவியே நம்மகிட்ட இல்ல. ரெண்டாவது சாவி ஒண்ணு இருக்கு, கதவு தொறக்க மட்டும்."

"ஆயிரம் தடவை மிதிக்கறேன். அந்தப் பாவாடைக்காரர் மூஞ்சியா நெனச்சு மிதிக்கறேன்."

அவர் செய்தது இதுதான். சக்கரத்துக்கு ஆயில் போகிற ரப்பர் ஓஸ் இருக்கிறதே, அதை மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்து கிளாம்பால் நெருக்கினார். முன்பக்கம் இரண்டு ஓஸையும்.

"இப்ப அமுக்குங்க."

அமுக்கினேன். கல். கால் இறங்கவே இல்லை.

"நிக்குது சம்பந்தி."

"அப்ப மேல எல்லாம் நல்லாருக்கு. மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருந்தா இப்பவும் இறங்கியிருக்கும். சும்மா இருந்தது மேல பழி போட்டுட்டுப் போயிட்டார்."

ஒரு கிளாம்பைக் கழற்றிவிட்டு அமுக்கச் சொன்னார், பாதி இறங்கியது. இரண்டாவதையும் கழற்றியதும் பழைய பஞ்சு. ஆக, காற்று முன் சக்கரங்களில், இரண்டு பக்கமும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு முக்காலி போட்டு, கேலிப்பருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். தொடவில்லை. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் மெஷினுக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சம்பந்தி, பாட்டில்ல பாதித் தண்ணி இருந்தா காத்து எங்க இருக்கும்?"

"மேல."

"பாட்டில எப்படித் திருப்பினாலும்?"

"எப்படித் திருப்பினாலும் மேலதான்."

"இந்த நிப்பிள் எங்க இருக்கு பாருங்க. காத்து வெளிய வர்ற வழி இதான்."

குனிந்து பார்த்தேன். கீழே இருந்தது. அடுத்த பக்கமும் போய்ப் பார்த்தோம். அங்கேயும் கீழே. வாசலைத் தரையில் வைத்துவிட்டு, கூரையில் இருக்கிற காற்றை வா வா என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறோம்.

"பக்கம் மாத்தி மாட்டியிருக்கேன்," என்றார். "ஓஸ் முறுக்கினப்பவே யோசிச்சிருக்கணும்."

"எப்படி மாறும்? நான்தான் ஒட்டினேனே." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாட்டும்போது உரித்த டேப்பை அவர் ஸ்பேனர் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தார். என் கையெழுத்தில் 'சோ' ஒன்று, 'பீ' ஒன்று. காட்டினேன்.

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். அந்தத் துடைப்பில்தான் எனக்கு உறைத்தது, இவர் எதையோ முழுங்குகிறார் என்று.

"சொல்லுங்க சம்பந்தி."

"ஒட்டும்போது எங்க நின்னீங்க?"

"வண்டிக்கு முன்னாடி."

"வண்டியப் பாத்துக்கிட்டா, முதுகக் காட்டிக்கிட்டா?"

"வண்டியப் பாத்து..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் குடோனில் முப்பது வருஷம் மூட்டை மட்டும் இறக்கவில்லை. குறுகலான வாசலுக்குள் முகத்தை நுழைக்கிற லாரிக்கு எதிரே நின்று, "சோத்துக்கைப் பக்கம் ஒடி, சோத்துக்கைப் பக்கம் ஒடி" என்று சொல்கிற ஆளும் நான்தான். எதிரே நிற்கிறவனுக்குச் சோத்துக்கை என்றால் அது தன் சோத்துக்கை. டிரைவர்கள் எல்லோரும் பழகியவர்கள், நான் சொன்னால் பீச்சாங்கைப் பக்கம் ஒடிப்பார்கள். புதிதாக வந்த ஒருவர் மட்டும் நான் சொன்னபடியே ஒடித்துத் தூணை இடித்தார். அன்றைக்கு அவரைத்தான் நான் திட்டினேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சம்பந்திக்கோ சோத்துக்கை என்றால் சீட்டில் உட்கார்ந்தவரின் சோத்துக்கை. தையல் மெஷினில் எல்லாமே உட்காருகிறவர் கணக்குத்தான்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"இப்பத்தான், நிப்பிளப் பாத்ததும். விடுங்க. ஓஸ் முறுக்கினது என் கண்ணுல பட்டுச்சு. நான்தான் கேக்காம விட்டேன். இது நமக்குள்ள இருக்கட்டும். நீங்க வீட்டுக்கு வந்தவர்."

"நேத்துப் பூரா திட்டு வாங்கினது நீங்க."

"வாங்கினது வாங்கியாச்சு. அதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டா ருசியாவா இருக்கும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த மாதிரி நல்லவர்களால்தான் வாய் உள்ளவன் எல்லாம் பிழைக்கிறான். இரண்டு கேலிப்பரையும் கழற்றி இடம் மாற்றக் கை கொடுத்தேன். ஓஸ் முறுக்கில்லாமல் நேராகப் போய் உட்கார்ந்தது. நிப்பிள் மேலே வந்தது. நான் மிதிக்க, அவர் திறக்க, பாட்டிலில் விட்ட குழாய் வழியாகச் சோடாவைக் குலுக்கிய மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பியது காற்று. பிறகு குமிழ் நின்றது. ஆயில் மட்டும் வந்தது.

"அமுக்குங்க."

கால் நின்றது. விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிதித்தேன். அப்போதும் நின்றது.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். "வண்டியத் தொட்டீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"மாப்ள, திட்டறதா இருந்தா மிதிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்க," என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறினார். மிதித்தார். புருவம் இறங்கியது. இஞ்சினைப் போட்டு, தெருவில் நடை வேகத்தில் போய்ப் போய் நிறுத்தினார், பத்து தடவை. பிறகு நடுத்தெருவில் டீச்சரின் தொட்டியைக் கொண்டுபோய் வைத்து, அதற்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திப் பார்த்தார்.

"என் தொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் டீச்சர் ஜன்னலிலிருந்து.

வண்டியை விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். சமையலறையில் சம்பந்தி கை கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கிட்டே போய், குழாய்த் தண்ணீர் சத்தத்துக்குள், "சரியாத்தான் இருக்கு. ஸாரிப்பா," என்றார்.

"பரவால்லடா."

முடிந்ததாம். நான் விடவில்லை.

"மாப்ள, ஒரு நிமிஷம். திட்டினது எங்க?"

"என்ன மாமா?"

"தெருவுல. நாலு பேர் பாக்கும்போது. ஸாரிய மட்டும் ஏன் சமையலறையில சொல்றீங்க? அது டீச்சர் காதுக்கு எட்டுமா, தபால்காரர் காதுக்கு எட்டுமா?"

"மாமா, இது எங்க அப்பாவுக்கும் எனக்கும் நடுவுல. நீங்க இதுல..."

"நான் இதுலதான் இருக்கேன். பக்கம் மாத்தி எழுதி ஒட்டினது நான்."

சம்பந்தி குழாயை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நிற்கவில்லை. வாசலுக்குப் போய், குடோன் குரலை எடுத்தேன்.

"டீச்சர், உங்க தொட்டி பிளந்ததுக்குக் காரணம் நான். சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாம மாத்தி எழுதிட்டேன். அந்தத் தப்ப எங்க சம்பந்தியே கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டார். இத மாடிவீட்டுக்கும் சொல்லிடுங்க. தபால்காரர் வந்தா அவருக்கும்."

"எந்தக் கைன்னு தெரியாமத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டீங்களா?" என்றார் டீச்சர். மாடி ஜன்னலில் சிரிப்பு கேட்டது. கேட்கட்டும். அவர் வாங்கியதற்கு இது எம்மாத்திரம்?

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். காது சிவந்திருந்தது. சம்பந்தி, "உள்ள வாடா, போதும்," என்று அவர் தோளைத் தொட்டார். மாப்பிள்ளை போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அப்பா, நேத்து தொறந்து பாக்காமத் திட்டிட்டேன்," என்றார். டீச்சருக்குக் கேட்டது. மாடிக்கும் கேட்டிருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "நாளைக்கு நீங்களே ஓட்டுங்க."

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். முன்னால் சம்பந்தியும் மாப்பிள்ளையும். பின்னால் நான், நடுவில் என் வீட்டுக்காரி, அந்த ஓரத்தில் என் மகள், அவள் மடியில் பேத்தி. சைக்கிள்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கார் சத்தமே இல்லாமல், தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்துகிற மாதிரி நின்றது.

ஒர்க்‌ஷாப் வந்தது. அந்த ஆள் வெளியேதான் நின்றிருந்தார், காதில் போனோடு.

"சம்பந்தி, இங்க கொஞ்சம் நிறுத்துங்க. ஒரே நிமிஷம். ரெண்டே வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"பாப்பா தூங்குது," என்றார். நிறுத்தவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வீட்டு வாசலில் நான் முதலில் இறங்கி, சுற்றி ஓடி, மகள் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினேன்.

"அப்பா, பாத்து வாங்குங்க. பாப்பாவோட தலை சோத்துக்கைப் பக்கமா வரட்டும்," என்றாள் மகள்.

முன் சீட்டில் சம்பந்தி கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"யாரோட சோத்துக்கைன்னு முதல்ல கேட்டுக்கம்மா," என்றார்.